தகப்பன் வேண்டாம் என்றால் தாய் மட்டும் எதற்கு? (கன்னிப் பிறப்பின் பொருள் பற்றி)

எழுத்தாணி

என் மகளுக்கு 14 வயது. நேற்று இரவு லூக்கா முதல் அதிகாரத்தைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தாள். காபிரியேல் வந்து பேசும் இடம் முடிந்ததும் விரலை அந்த வரியிலேயே வைத்துக்கொண்டு கேட்டாள்: "அப்பா இல்லாமல் பிறக்க வைக்கக் கடவுளால் முடியும் என்றால் அம்மாவும் இல்லாமலே வந்திருக்கலாமே? பாதி மட்டும் எதுக்குப்பா?" அது ஓர் அற்புதம்மா என்றேன். அது பதில் இல்லையே என்றாள். அவள் சொன்னது சரிதான், அது பதில் இல்லை.

நடந்ததா நடக்கவில்லையா என்ற சண்டைக்காக இதைத் தொடங்கவில்லை. நான் நம்புகிறவன். ஆனால் எதை நம்புகிறேன் என்று கேட்டால் தடுமாறுகிறேன். சின்ன வயதிலிருந்து கேட்டுவந்த விளக்கங்கள் நான்கு: அவர் கடவுள் என்பதற்கு இது ஆதாரம், தகப்பன் வழியாக வரும் பாவம் அவரைத் தொடக்கூடாது, தீர்க்கதரிசனம் நிறைவேற வேண்டும், தாம்பத்தியம் கலக்காத தூய பிறப்பு வேண்டும். இரவெல்லாம் யோசித்துப் பார்த்தேன், நான்கிலும் ஓட்டை தெரிகிறது. படித்தவர்கள், யோசித்தவர்கள் சொல்லுங்கள்.

ஒலிவமரம்

நல்ல கேள்வி சகோ. முதலில் ஒரு சிக்கலை எடுத்துவிடுவோம், இல்லையென்றால் பத்தாவது பதிலில் எல்லோரும் வேறு வேறு விஷயத்தைப் பேசிக்கொண்டிருப்போம். மரியாள் ஆணின் துணையின்றிக் கருத்தரித்தாள் என்பது மத்தேயுவும் லூக்காவும் சொல்வது, பெரும்பாலான சபைகள் சொல்லும் விசுவாச அறிக்கையில் இருப்பது. மரியாள் பாவக்கறை இல்லாமல் தன் தாயின் வயிற்றில் உருவானாள் என்ற அமல உற்பவம் வேறு. அது கத்தோலிக்கக் கோட்பாடு, 1854இல் ஒன்பதாம் பயஸ் அறிவித்தது, இயேசுவின் பிறப்பைப் பற்றியதே அல்ல. அப்புறம், மரியாள் கடைசிவரை கன்னியாகவே இருந்தாளா என்பது மூன்றாவது விஷயம். அதைப் பற்றி 4ஆம் நூற்றாண்டிலேயே, ஆம் என்ற எரோணிமுவும் இல்லை என்ற எல்விதியுவும் எழுதி எழுதிச் சண்டை போட்டார்கள். நம் கேள்வி முதலாவது மட்டும்தான்.

விசுவாச அறிக்கையைப் பற்றி இன்னொன்று. 325இல் நிசேயா நகரில் கூடிய திருச்சபைச் சங்கம் எழுதிய அறிக்கையில் மரியாளின் பெயரே இல்லை. "இறங்கி வந்து, மாம்சமாகி, மனிதரானார்" என்று மட்டும் இருந்தது. 381இல் கான்ஸ்தாந்திநோபிள் சங்கத்தின் அறிக்கையில்தான் பரிசுத்த ஆவியினாலும் கன்னி மரியாளிடத்திலும் என்று வந்தது. அதே அறிக்கையில் பொந்தியு பிலாத்துவும் வந்துவிட்டான். ஞாயிறுதோறும் சொல்லும் அந்த அறிக்கையில் இயேசுவைத் தவிர இரண்டே மனிதப் பெயர்கள்: ஒன்று அவரைப் பெற்றவள், இன்னொன்று அவரைக் கொல்ல ஒப்புக்கொடுத்தவன்.

பிறைநிலா

நான் முஸ்லிம். இந்த இழையில் எழுதலாமா என்று யோசித்தேன், பிறகு எழுதியே ஆகவேண்டும் என்று தோன்றியது. எழுத்தாணி அண்ணா சொன்ன முதல் விளக்கம் போதாது என்பதற்கு நாங்களே சாட்சி. மர்யம் (மரியாள்) கன்னியாக இருந்தே ஈசா நபியை (இயேசுவை) பெற்றார்கள் என்று நாங்கள் உறுதியாக நம்புகிறோம். குர்ஆனின் 19ஆம் அத்தியாயத்தின் பெயரே மர்யம். குர்ஆனில் பெயர் சொல்லி வரும் ஒரே பெண் அவர்கள்தான். "எந்த மனிதனும் என்னைத் தீண்டாதபோது எனக்கு எப்படிக் குழந்தை" என்று அவர்கள் கேட்பதும் இருக்கிறது. ஆனால் அதிலிருந்து ஈசா இறைவனின் மகன் என்ற முடிவுக்கு நாங்கள் போவதில்லை. 3ஆம் அத்தியாயம் 59ஆம் வசனம் ஈசாவை ஆதமுக்கு ஒப்பிடுகிறது. ஆதமுக்குத் தகப்பனும் இல்லை தாயும் இல்லை, அதனால் அவர் இறைவனாகிவிடவில்லை.

ஆகவே தகப்பன் இல்லாமல் பிறந்தார், எனவே அவர் கடவுள் என்ற வாதம் நிற்காது என்று நினைக்கிறேன். உங்கள் நம்பிக்கைக்கு வேறு காரணங்கள் இருக்கலாம், அதை நான் மறுக்க வரவில்லை.

மாலைமணி

சகோதரி சொன்னது முழுக்கச் சரி, கத்தோலிக்கனான நானும் அதை அப்படியே ஏற்கிறேன். பின்னாளில் 16ஆம் பெனடிக்ட் ஆன ஜோசப் ராட்சிங்கர் 1968லேயே இதைத் துணிந்து எழுதினார்: இயேசு சாதாரணமான ஒரு திருமணத்தில் பிறந்திருந்தாலும் அவர் இறைமகன் என்ற கோட்பாடு பாதிக்கப்படாது, ஏனென்றால் அந்த மகன்மை உடற்கூறு சம்பந்தப்பட்டது அல்ல, காலத்தில் தொடங்கியதும் அல்ல. கன்னிப் பிறப்பை மறுப்பதற்காக அவர் இதைச் சொல்லவில்லை. அதை நம்பினார், திருத்தந்தையான பிறகும் அதற்காக வாதாடி எழுதினார். ஆனால் எது எதைத் தாங்குகிறது என்பதில் கவனமாக இருந்தார்.

இதைக் கவனிக்காமல் விட்டால் நாமே பெரிய குழியில் விழுந்துவிடுவோம். கடவுள் அப்பா, மரியா அம்மா, இருவருக்கும் பிறந்த குழந்தை பாதி கடவுள் பாதி மனிதன் என்று பலர் மனதுக்குள் ஒரு படம் வைத்திருக்கிறார்கள். திருச்சபை இதைச் சொன்னதே இல்லை. 675இல் தொலேதோ நகரில் கூடிய சங்கம், தூய ஆவியாரை இயேசுவின் தந்தை என்று நம்பக்கூடாது என்று வெளிப்படையாகவே எழுதி வைத்தது. 451இல் கல்செதோன் சங்கம் சொன்னதும் முழுமையாகக் கடவுள், முழுமையாக மனிதன் என்பதுதான். ஐம்பதுக்கு ஐம்பது கணக்கு அங்கே கிடையாது.

வினா

நான் நம்பிக்கை இல்லாதவன், ஆனால் மரியாதையோடுதான் கேட்கிறேன். பொருள் என்ன என்று தேடுவதற்கு முன்னால், இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டாமா? பவுல் ஒரு இடத்திலும் இதைச் சொல்லவில்லை. மாற்கு சொல்லவில்லை. யோவானும் நேரடியாகச் சொல்லவில்லை. ஏசாயா 7:14இல் இருக்கும் எபிரேயச் சொல் "அல்மா", அதாவது இளம்பெண். கிரேக்கத்தில் மொழிபெயர்த்தவர்கள் "பார்த்தெனோஸ்" என்று போட்டார்கள், மத்தேயு அதைப் பிடித்துக்கொண்டு கன்னி என்று வாசித்துவிட்டார். ஒரு மொழிபெயர்ப்புப் பிசகிலிருந்து ஒரு கோட்பாடே வளர்ந்துவிட்டது என்று எனக்குத் தோன்றுகிறது. தவிர, கடவுளுக்கும் பெண்ணுக்கும் பிறந்த வீரர்களின் கதைகள் அந்தக் காலத்துக் கிரேக்க உலகில் நிறையவே இருந்தன.

ஒலிவமரம்

வினா சகோ, இந்தக் கேள்வி புதிதல்ல, சுமார் 1,850 வருடப் பழசு. யுஸ்தீன் என்ற கிறிஸ்தவரும் திரிபோ என்ற யூதரும் வாதாடுவதாக 2ஆம் நூற்றாண்டின் நடுவில் எழுதப்பட்ட உரையாடலில் திரிபோ இந்த இரண்டையும் அப்படியே கேட்கிறார்: அந்தச் சொல்லுக்கு இளம்பெண் என்றுதான் பொருள், நீங்கள் சொல்வது பெர்சியஸ் கதை போல இருக்கிறது என்று. அதனால் ஒளித்து வைக்க ஒன்றுமில்லை, பேசலாம்.

அல்மா என்றால் இளம்பெண், உண்மை. ஏசாயா பேசுவது யூதாவின் ராஜா ஆகாஸிடம். சிரியாவும் இஸ்ரவேலும் சேர்ந்து எருசலேமை நெருக்கிய நேரம், கி.மு. 734 வாக்கில். "இந்தப் பிள்ளை நன்மை தீமை அறியுமுன் அந்த இரண்டு ராஜாக்களும் இல்லாமல் போவார்கள்" என்பதுதான் அங்கே அடையாளம். அந்தப் பிள்ளை அந்தக் காலத்திலேயே பிறக்க வேண்டிய பிள்ளை. 700 வருடம் கழித்து வருகிற ஒருவர் ஆகாஸுக்கு என்ன அடையாளமாக இருக்க முடியும்? பார்த்தெனோஸ் என்ற சொல்லும் எப்போதும் கறாராகக் கன்னி என்று ஆகாது. ஆதியாகமம் 34இல் யாக்கோபின் மகள் தீனாள் கெடுக்கப்பட்ட பிறகும் கிரேக்க மொழிபெயர்ப்பு அவளை அதே சொல்லால்தான் குறிக்கிறது. தமிழிலேயே பாருங்கள், பழைய மொழிபெயர்ப்பில் ஏசாயாவிலும் "கன்னிகை" என்றிருக்கிறது, பின்னால் வந்த பொது மொழிபெயர்ப்பில் ஏசாயாவில் "இளம்பெண்", மத்தேயுவில் "கன்னி".

ஆனால் இதிலிருந்து நீங்கள் எடுக்கும் முடிவு தலைகீழாக இருக்கிறது. இந்த வசனத்தை வைத்து மேசியா கன்னியிடம் பிறப்பார் என்று இயேசுவுக்கு முன்னால் யாரும் எதிர்பார்த்ததாகச் சான்று இல்லை. எதிர்பார்ப்பே இல்லாத இடத்தில் அதை நிறைவேற்ற ஒரு கதை எதற்கு? மத்தேயுவின் கையில் கன்னிப் பிறப்பு பற்றிய செய்தி முதலில் வந்துவிட்டது, அதை வைத்துக்கொண்டு அவர் பழைய ஏட்டைத் திரும்பி வாசித்தார் என்பதுதான் பொருத்தமாக இருக்கிறது. லூக்கா இதே செய்தியைச் சொல்கிறார், ஏசாயா வசனத்தைத் தொடவே இல்லை. இரண்டு பேரின் கதைகளும் பெரும்பாலான விவரங்களில் ஒன்றோடொன்று ஒட்டாது: ஒருவரிடம் நட்சத்திரமும் எகிப்தும், மற்றவரிடம் மேய்ப்பர்களும் முன்னணையும். ஆனாலும் இந்த விஷயத்தில் இரண்டும் ஒன்றாக நிற்கின்றன. அப்படியென்றால் இருவருக்கும் முன்பே இது பேசப்பட்டிருக்கிறது. இது நடந்தது என்பதற்கு நிரூபணம் என்று நான் சொல்லவில்லை. மொழிபெயர்ப்புப் பிசகு என்ற விளக்கம் போதாது என்று மட்டும் சொல்கிறேன்.

எழுத்தாணி சகோ, இதிலேயே உங்கள் மூன்றாவது விளக்கமும் போய்விடுகிறது. தீர்க்கதரிசனம் நிறைவேறுவதற்காக இது நடக்கவில்லை. நடந்ததாக நம்பியதால் அந்த வசனம் புதிதாக வாசிக்கப்பட்டது.

மாலைமணி

பெர்சியஸ் கதையைப் பற்றி ஒரு வார்த்தை. அங்கே சீயுஸ் பொன்மழையாக இறங்கித் தானாயேவைச் சேர்கிறான். ஆண் இடத்தில் இன்னொரு ஆண், அவன் கடவுளாக இருக்கிறான், அவ்வளவுதான் வித்தியாசம். லூக்காவில் அந்த இடமே காலி. ஆவி என்ற சொல் எபிரேயத்தில் இலக்கணப்படி பெண்பால், கிரேக்கத்தில் பால் இல்லாத அஃறிணை. "நிழலிடும்" என்று லூக்கா போடும் வினை, கிரேக்க மொழிபெயர்ப்பில் விடுதலைப் பயணம் (யாத்திராகமம்) 40:35இல் மேகம் சந்திப்புக் கூடாரத்தின்மேல் தங்கியதற்குப் போட்ட அதே வினை. கூடாரத்தின் மேல் மேகம் இறங்கியதை யாரும் புணர்ச்சி என்று நினைக்கமாட்டார்கள். கடவுள் மக்கள் நடுவே குடியேறினார் என்பதுதான் அந்தப் படம்.

நிலாமுற்றம்

ரொம்ப நேரமாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். நான்காவது விளக்கத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே, அதற்காகத்தான் வருகிறேன், ஏனென்றால் அது என் வாழ்க்கையில் பட்ட விஷயம்.

கல்யாணமான புதிதில் ஒரு கூட்டத்தில் பிரசங்கம் கேட்டேன். பரிசுத்தமான தேவன் அசுத்தமான வழியில் பிறக்க முடியாது, அதனால்தான் கன்னியைத் தேர்ந்தெடுத்தார் என்று ஒருவர் முழங்கினார். நான் அப்போது ஐந்து மாதம். வயிற்றுக்குள் பிள்ளை முதல் முறை அசைந்து இரண்டு மூன்று நாள்தான் ஆகியிருந்தது. அந்த நாற்காலியில் கையை வயிற்றின் மேல் வைத்தபடி உட்கார்ந்திருந்தேன், அப்படியென்றால் இந்தப் பிள்ளை அசுத்தத்தில் வந்ததா என்று எனக்குள் ஓடியது. பக்கத்தில் என் கணவர். இருவரும் வீடு வரும்வரை பேசவே இல்லை. இதை நான் மறக்க எத்தனை வருடம் ஆனது தெரியுமா?

இப்போது நானே வேதத்தைப் படிக்கிறேன், அப்படி ஒரு வரி இந்த இரண்டு சுவிசேஷங்களிலும் எங்கேயுமே இல்லை. லூக்கா அதே அதிகாரத்தில் எலிசபெத் தன் கணவனோடு வாழ்ந்து கருத்தரித்ததையும் அற்புதம் என்றுதான் சொல்கிறார், அந்தப் பிள்ளை தாயின் வயிற்றிலேயே பரிசுத்த ஆவியால் நிரப்பப்பட்டது என்கிறார். தாம்பத்தியத்தில் வந்த பிள்ளை அது! தயவுசெய்து யாரும் இந்தக் கோட்பாட்டை வைத்துப் பெண்களின் உடம்பை அழுக்கு என்று சொல்லாதீர்கள்.

மாலைமணி

சகோதரி, நீங்கள் எழுதியதை இரண்டு முறை வாசித்தேன். நீங்கள் கேட்ட அந்தப் பிரசங்கத்துக்கு ஒரு வேர் இருக்கிறது, அது எங்கள் பக்கம்தான் என்று ஒப்புக்கொள்கிறேன். மேற்கத்திய இறையியலாளர் அகுஸ்தீன் 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஆதாமின் பாவம் சந்ததிக்குக் கடப்பதை உடல் இச்சையோடு சேர்த்துச் சொன்னார். இச்சை இல்லாமல் கருவானதால் கிறிஸ்துவுக்கு அந்தக் கறை இல்லை என்றார். மேற்கில் அது ஆழமாக ஊறிவிட்டது. எழுத்தாணி சொன்ன இரண்டாவது விளக்கமும் நான்காவது விளக்கமும் ஒரே கிணற்றுத் தண்ணீர்.

அதில் தர்க்கச் சிக்கலும் உண்டு. பாவம் பெற்றோர் வழியாக வருகிறது என்றால், தாயும் ஒரு பெற்றோர்தானே? மரியாவுக்கும் தாய் தகப்பன் இருந்தார்களே? தகப்பனை மட்டும் நீக்கினால் எப்படிப் போதும்? கேள்வி ஒரு தலைமுறை பின்னால் போகிறது, அமல உற்பவம் பற்றி எங்கள் இறையியலார் நூற்றாண்டுக்கணக்காக வாதாடியதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒலிவமரம்

எங்கள் புரோட்டஸ்டண்டு பக்கத்தில் பலர் சொல்வது, தகப்பன் இல்லாததால் அவர் பாவமில்லாதவர் அல்ல, பரிசுத்த ஆவி அவரைப் பரிசுத்தப்படுத்தியதால் பாவமில்லாதவர் என்று. லூக்கா 1:35இன் போக்கும் அதுதான்: ஆவி வரும், "ஆதலால்" பிறப்பது பரிசுத்தமுள்ளது. யோசேப்பு இல்லை ஆதலால் என்று அங்கே இல்லை.

எழுத்தாணி

நான்கும் போய்விட்டன. மனம் கனக்கிறது, ஆனால் நன்றாகவும் இருக்கிறது, பழைய சாமானை வீட்டை விட்டு வெளியே எடுத்து வைத்த மாதிரி.

இன்று மத்தேயுவின் வம்ச வரலாற்றை மகளோடு வாசித்தேன். பொதுவாக நாம் தாண்டிப் போகும் பகுதி. ஆபிரகாம் ஈசாக்கைப் பெற்றான், ஈசாக்கு யாக்கோபைப் பெற்றான் என்று பெற்றான், பெற்றான், பெற்றான் என்று தாளம் மாதிரி போகிறது. அவள் வேகமாக வாசித்துக்கொண்டே வந்தாள், 16ஆம் வசனத்தில் வாய் இடறியது. "யாக்கோபு மரியாளுடைய புருஷனாகிய யோசேப்பைப் பெற்றான், அவளிடத்தில் கிறிஸ்து என்னப்படுகிற இயேசு பிறந்தார்." யோசேப்பு இயேசுவைப் பெற்றான் என்று வரவேண்டிய இடம். வாய் அதைச் சொல்லத் தயாராகவே இருந்தது, "பெ" என்று தொடங்கியேவிட்டாள். அங்கே வினை மாறிவிட்டது. பெற்றான் போய், பிறந்தார்.

இது சும்மா வருவதில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. யாராவது கிரேக்கத்தில் பார்த்துச் சொல்லுங்கள்.

ஒலிவமரம்

கிரேக்கத்திலும் அப்படியேதான். "பெற்றான்" என்ற செய்வினை 39 முறை வரிசையாக வருகிறது, 40ஆவது இடத்தில் அதே வினை செயப்பாட்டுக்கு மாறிவிடுகிறது. பெற்றவன் யார் என்று வாக்கியம் சொல்லவில்லை. உங்கள் மகளுக்கு இடறியது மத்தேயு வைத்த கல்லில்தான்.

அந்தப் பட்டியலில் மரியாளுக்கு முன்னால் வரும் நான்கு பெண்களையும் பாருங்கள். தாமார், ராகாப், ரூத், உரியாவின் மனைவி. நான்கு பேரின் கதையிலும் ஊர் பேசக்கூடிய ஏதோ ஒன்று இருக்கிறது. சாராளையும் ரெபெக்காளையும் விட்டுவிட்டு இவர்களைச் சேர்த்திருக்கிறார். மரியாளைப் பற்றி ஊர் என்ன பேசியிருக்கும் என்பது மத்தேயுவுக்குத் தெரியும். யோசேப்பே முதலில் இரகசியமாய்த் தள்ளிவிட நினைத்தான் என்று அவரே எழுதுகிறார். கௌரவமான ஒரு கதையைப் புனைய நினைத்தவர் இப்படி எழுதமாட்டார்.

வினா

அந்த 39 விஷயம் எனக்குத் தெரியாது, நன்றி. ஆனால் ஒன்று கேட்கிறேன். வம்ச வரலாறு முழுக்க யோசேப்பு வழியாகத்தானே வருகிறது? யோசேப்பு தகப்பன் இல்லை என்றால் தாவீதின் வழி எப்படி இயேசுவுக்கு வரும்?

ஒலிவமரம்

பெயர் வைப்பதால் வரும். "அவருக்கு இயேசு என்று பேரிடுவாயாக" என்று தூதன் யோசேப்பிடம் சொல்கிறான், அதிகாரத்தின் கடைசி வரியில் யோசேப்பு பேரிடுகிறான். பிள்ளைக்குப் பெயரிட்டு இவன் என் மகன் என்று ஏற்றுக்கொண்டால் அன்றைய யூத வழக்கில் அவன் மகன்தான். இரத்தத்தால் வராமல் ஏற்பினால் வரும் மகன்மை. அவர் மூலமாக நாம் எல்லோரும் தேவனுக்குப் பிள்ளைகளாக ஏற்றுக்கொள்ளப்படுகிறோம் என்று பவுல் சொல்வதோடு இது எவ்வளவு பொருந்துகிறது என்று யோசித்துப் பாருங்கள்.

மாலைமணி

இப்போது மகளின் கேள்விக்கு வருகிறேன். நேற்றிலிருந்து எங்கேயோ படித்திருக்கிறோமே என்று தேடிக்கொண்டே இருந்தேன், கிடைத்துவிட்டது. சுமார் 180இல் லியோன் நகர ஆயராக இருந்த இரனேயு இதே கேள்வியை எழுதியிருக்கிறார்! ஆதாம் உழப்படாத கன்னி மண்ணிலிருந்து, கடவுளின் கையால் உருவானான், அவனுக்கு மனிதத் தகப்பன் இல்லை. அதேபோல இரண்டாம் ஆதாமான இயேசுவும் மனிதத் தகப்பன் இல்லாமல் கன்னியிடமிருந்து வருகிறார் என்று முதலில் சொல்கிறார். அடுத்து அவரே கேட்டுக்கொள்கிறார்: அப்படியானால் கடவுள் மறுபடியும் மண்ணை எடுத்துப் பிசைந்திருக்கலாமே, மரியா எதற்கு?

அவர் பதிலை என் சொற்களில் சொல்கிறேன். மறுபடியும் புது மண்ணை எடுத்திருந்தால் அது வேறொரு படைப்பாகியிருக்கும். மீட்கப்படுவது அந்த வேறொன்றாக இருக்கும், நாமாக இருக்காது. விழுந்துபோன அதே மனித இனம், அதே சதை, அதே இரத்தம் மீட்கப்பட வேண்டும் என்றால் அவர் நம் ஒருத்தியிடமிருந்து அதை வாங்கியே ஆகவேண்டும். உங்கள் மகளின் "பாதி"க்கு இதுதான் காரணம். தாய் இருப்பதால் அவர் நம்மவர். தகப்பன் இல்லாததால் இந்தத் தொடக்கம் நம்மால் ஆனது அல்ல.

அன்றைக்கு இது வெறும் ஏட்டுப் பேச்சாக இருக்கவில்லை. இயேசு பிறக்கவே இல்லை, உரோமைப் பேரரசர் திபேரியுவின் 15ஆம் ஆண்டில் வளர்ந்த ஆளாக இறங்கி வந்தார் என்றான் 2ஆம் நூற்றாண்டுப் போதகன் மார்சியோன். அதே காலத்து இன்னொரு போதகனான வலந்தீனுவின் சீடர்கள், குழாய் வழியாகத் தண்ணீர் போவதுபோல மரியா வழியாக வந்து போனார், அவளிடமிருந்து எதையும் எடுக்கவில்லை என்றார்கள். இன்னொரு பக்கம் எபியோனியர்கள் என்ற யூதக் கிறிஸ்தவக் குழுவினர் அவர் யோசேப்பின் மகன்தான் என்றார்கள். அந்தியோக்கியா ஆயர் இஞ்ஞாசியார் 2ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சாவதற்காக உரோமைக்கு இழுத்துச் செல்லப்படும் வழியில் எழுதிய கடிதங்களில் "உண்மையாகவே பிறந்தார், உண்டார், குடித்தார்" என்று அழுத்தி அழுத்திச் சொல்கிறார். கன்னிப் பிறப்பு என்று நாம் சொல்லும்போது "கன்னி" என்ற பாதியில்தான் நம் கவனம் போகிறது. அந்த முதல் தலைமுறைகள் "பிறப்பு" என்ற பாதிக்காகவும் அதே அளவு போராடியிருக்கின்றன.

வினா

இது எனக்குப் புதிய கோணம். அறிவியல் பக்கத்திலிருந்து ஒன்று சேர்க்கிறேன். ஆண் உருவத்தைத் தருகிறான், பெண் வெறும் பொருளைத் தருகிறாள் என்றார் அரிஸ்டாட்டில். விதை ஆணுடையது, பெண் நிலம் மட்டும் என்று எண்ணியவர்களும் பலர். பாலூட்டிகளின் கருமுட்டையைக் கார்ல் எர்ன்ஸ்ட் ஃபான் பேயர் கண்டறிந்ததே 1827இல்தான். ஆக, அவளிடமிருந்தே சதை எடுத்தார் என்று இரனேயு அழுத்திச் சொன்னது, பெண் நிலம் மட்டும் என்ற எண்ணத்தை விட ஒரு படி அதிகமாகத் தாய்க்கு இடம் கொடுக்கிறது. இதை நேர்மையாகச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

நிலாமுற்றம்

இரனேயுவின் பதில் எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் நிலம், மண் என்றே சொல்லிக்கொண்டிருந்தால் மறுபடியும் மரியாள் வாய் பேசாத ஒன்றாகிவிடுகிறாள். மண்ணிடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை. லூக்காவில் தூதன் காத்திருக்கிறான்! அவள் கேள்வி கேட்கிறாள், பதில் வாங்குகிறாள், அதற்கப்புறம்தான் "உம்முடைய வார்த்தையின்படி எனக்கு ஆகக்கடவது" என்கிறாள். தூதன் போனது அவள் சொன்ன பிறகுதான், முன்னால் இல்லை.

ஒலிவமரம்

20ஆம் நூற்றாண்டில் இறையியலாளர் கார்ல் பார்த் இதைச் சுற்றித்தான் எழுதினார். ஆண் என்பவன் வரலாற்றில் விரும்புகிறவன், சாதிக்கிறவன், வம்சத்தை நிறுவுகிறவன். அந்த ஆண் இங்கே ஓரமாக நிறுத்தப்படுகிறான், மனிதன் பெற்றுக்கொள்கிறவனாக மட்டும் இருக்கிறான் என்றார். கன்னிப் பிறப்பையும் வெறுமையான கல்லறையையும் ஜோடியாக வைத்தார்: தொடக்கத்தில் ஓர் அடையாளம், முடிவில் ஓர் அடையாளம். கல்லறை வெறுமையாக இருந்ததால் அவர் உயிர்க்கவில்லை, உயிர்த்ததால் அது வெறுமையாக இருந்தது. அதேபோல கன்னியிடம் பிறந்ததால் அவர் தேவகுமாரன் ஆகவில்லை. எனக்கு இந்த விஷயம் புரிந்தது இங்கேதான். அவருடைய சமகாலத்தவரான எமில் புருன்னர் கன்னிப் பிறப்பை ஏற்கவில்லை, இன்னொரு இறையியலாளரான பன்னன்பெர்க் பின்னால் வந்து, முன்பே இருந்த குமாரன் என்ற யோவானின் பேச்சுக்கும் கருவில் குமாரனானார் என்ற லூக்காவின் பேச்சுக்கும் முரண்பாடு என்றார். அடையாளம் என்று வாசித்தால் அந்த முரண்பாடு எனக்குத் தெரியவில்லை.

ஆனால் நிலாமுற்றம் சகோதரி சொல்வதை வைத்துப் பார்த்தால் பார்த் ஒரு விஷயத்தை விட்டுவிட்டார். பெற்றுக்கொள்வதை அவர் செயலற்ற நிலையாக எழுதிவிட்டார்.

நிலாமுற்றம்

ஆமாம், பெற்றுக்கொள்வது சும்மா இருப்பது அல்ல. ஒன்பது மாதம் சுமந்த யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள்.

இன்னொன்றும் யோசித்தேன். சாராள், ராகேல், மனோவாவின் மனைவி, அன்னாள், எலிசபெத் எல்லோரும் பிள்ளைக்காக ஏங்கியவர்கள், அல்லது ஏங்கி ஓய்ந்தவர்கள். அன்னாள் அழுது கேட்டாள். மரியாளின் பாட்டு அன்னாளின் பாட்டை ஒட்டியே போகிறது, ஆனால் மரியாள் கேட்கவே இல்லை. மலட்டு வயிறு திறந்தது கேட்டதற்குக் கிடைத்த பதில். இங்கே யாரும் கேட்காத இடத்தில், யாருக்கும் தோன்றாத ஒன்று தரப்படுகிறது. இது மனிதருடைய முயற்சியின் பலன் இல்லை, மனிதருடைய ஜெபத்தின் பலன்கூட இல்லை. கிருபை என்று நாம் ஆயிரம் முறை சொல்லும் வார்த்தைக்கு உருவம் கொடுத்தால் இப்படித்தான் இருக்கும்.

பிறைநிலா

எங்கள் நம்பிக்கைகள் பிரியும் இடம் எது என்று இப்போது தெளிவாகப் புரிகிறது. பிறப்பில் நாம் பிரியவில்லை. பிறந்தவர் யார் என்பதில் பிரிகிறோம். இத்தனை பொறுமையாக எழுதிய எல்லோருக்கும் நன்றி.

வினா

நான் இன்னும் இதை நடந்த நிகழ்வாக நம்பவில்லை, அதைச் சொல்லிவிடுகிறேன். பவுலின் மௌனம் எனக்குப் பெரிய விஷயமாகவே படுகிறது. "ஸ்திரீயினிடத்தில் பிறந்தவர்" என்று கலாத்தியரில் எழுதியவர் ஒரு சொல் கூட்டிக் "கன்னியிடத்தில்" என்று எழுதியிருக்கலாம். ஆனால் இதை நம்புகிறவர்கள் ஏதோ உயிரியல் அதிசயத்தைப் பிடித்துத் தொங்குகிறார்கள் என்று நினைத்திருந்தேன். அது தவறு.

எழுத்தாணி

இரனேயு 1,800 வருடத்துக்கு முன்னால் இதே கேள்வியைக் கேட்டார் என்று மகளிடம் சொன்னேன். முகம் மலர்ந்துவிட்டது. அவர் பதிலையும் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தாள். "அப்போ அவருக்கு மூக்கு, கண்ணு எல்லாம் அவங்க அம்மா மாதிரியே இருந்திருக்குமா?" என்றாள். இருந்திருக்கும் என்றேன். இத்தனை வருடத்தில் அவர் முகத்தை நான் அப்படி ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

அப்புறம் கேட்டாள், யோசேப்பு ஏன் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்று. நான்கு சுவிசேஷத்தையும் புரட்டினோம், உண்மைதான், அவன் பேசியதாக ஒரு வரியும் இல்லை. மத்தேயு முதல் அதிகாரத்தின் கடைசி வசனத்துக்கே திரும்பி வந்தோம். "அவருக்கு இயேசு என்று பேரிட்டான்" என்று வாசித்துவிட்டு, "இதை மட்டும் சொல்லியிருக்காருப்பா" என்றாள்.